அறுபத்தொன்றாம் எண் உறை

அந்தப் பட்டியலை ஆலய வாசலில் ஒட்டச் சொன்னது நான்தான். கமிட்டி தீர்மானம் போட்டது, போதகர் தலையாட்டினார், செயலாளர் முத்திரை குத்தினார் என்பதெல்லாம் உண்மை. ஆனால் யோசனை என்னுடையது. அதை டைப் அடித்ததும் நான், நான்கு மூலையிலும் குண்டூசி குத்தியதும் நான். யார் மேலாவது பழியைப் போட்டுத் தப்பிக்க இதை எழுதவில்லை.

நான் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். எங்கள் சபைக்குப் பொருளாளரும் நானே. முதுகுக்குப் பின்னால் எனக்குக் 'கணக்கக்கா' என்று பெயர். முகத்துக்கு நேரே அப்படிக் கூப்பிடும் தைரியம் என் வீட்டுக்காரருக்கு மட்டும்தான் உண்டு. அவர் டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். நான் குரலை உயர்த்தினால் போதும், அங்கே பிரேக் இருப்பதாக நினைத்துக்கொண்டு காலால் தரையை ஓர் அழுத்து அழுத்துவார். இருபத்தாறு வருடமாக அழுத்துகிறார். நான் நின்றதில்லை.

போன வருடம் ஆலயக் கூரை ஒழுக ஆரம்பித்தது. மழை பெய்தால் பாடகர் குழு குடை பிடிக்காத குறைதான். சரிசெய்யப் பணமில்லை. எங்கள் சபையில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண் அச்சடித்த பன்னிரண்டு உறைகளை வருட ஆரம்பத்தில் கொடுத்துவிடுவோம். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அந்த மாதச் சந்தாவை உறையில் வைத்துக் காணிக்கைப் பையில் போட வேண்டும். உறையில்லாமல் பையில் விழும் நோட்டும் சில்லறையும் பொதுக் காணிக்கை. யார் போட்டது என்று தெரியாது, கணக்கில் அது ஒரே வரி. உறைகள்தான் சபையைத் தாங்க வேண்டும். அவற்றில் பாதி வராமலே போய்க்கொண்டிருந்தன.

"யார் குடுத்தாங்க, யார் குடுக்கலன்னு எல்லாருக்கும் தெரியணும். வாசல்ல ஒட்டுவோம்" என்றேன் கமிட்டியில்.

"பேரைப் போட்டா மனசு கஷ்டப்படுமேம்மா" என்றார் போதகர்.

"பேரை யார் போடச் சொன்னா பாஸ்டர்? நம்பர்தானே போடப் போறோம்?"

எவ்வளவு சாமர்த்தியமாகப் பேசினேன் பாருங்கள். யார் எண் எது என்பது ஆலயத்துச் சுவரில் இருக்கும் பல்லிக்குக்கூடத் தெரியும்.

பட்டியல் ஏறிய மூன்றே மாதத்தில் வருமானம் ஒன்றரை மடங்கானது. ஆராதனை முடிந்ததும் ஜனங்கள் முதலில் போய் நிற்பது போதகரிடம் கைகொடுக்க அல்ல, அந்தப் பலகைக்கு முன்னால்தான். விரலை வைத்து வரிசையாக இறக்கிக்கொண்டே வருவார்கள். என் எண் பதினெட்டு. இருப்பதிலேயே பெரிய தொகை அதற்கு எதிரேதான். அதைப் பார்க்கவென்றே நான் ஒரு நாளும் அங்கே போய் நின்றதில்லை என்று சொன்னால் பொய்.

அறுபத்தொன்றுக்கு எதிரே மட்டும் எல்லாக் கட்டமும் வெள்ளை.

அறுபத்தொன்று எங்கள் குழாய்க்காரர். தண்ணீர்க் குழாய் வேலை செய்கிறவர். ஊரில் பாதி வீட்டுச் சமையலறைத் தொட்டிக்குக் கீழே தலையை நுழைத்தவர். மனைவி சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறாள். பிள்ளைகள் இல்லை. இரண்டு வருடத்துக்கு முன்பு அவருக்கு இதயக் கோளாறு வந்தது. அன்றிலிருந்து மூன்று வகை மாத்திரை. ஒன்று ரத்தம் கட்டாமல் இருக்க, ஒன்று அழுத்தத்துக்கு, ஒன்று துடிப்பு சீராக இருக்க. பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் பெரிய வேலைகள் கையைவிட்டுப் போயின. ஆனால் மாதம் பிறந்தால் முதல் ஆளாக என் கடைக்கு வந்து மூன்று மாத்திரையையும் வாங்கிக்கொள்வார்.

அப்படி வந்த ஒரு நாள்தான் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. மாத்திரை அட்டைகளைக் காகிதப் பையில் போட்டு நீட்டியபடியே சொன்னேன்.

"அண்ணே, மாத்திரையை மட்டும் மறக்காம வாங்கிடறீங்க. உறையை மறந்துடறீங்களே?"

கடையில் இன்னும் இரண்டு பேர் நின்றிருந்தார்கள், இருவரும் எங்கள் சபைதான். ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். குழாய்க்காரரும் சிரித்தார். பையை வாங்கிய கை ஒரு நொடி அப்படியே நின்றது.

"மறக்கல தங்கச்சி. போட்டுடுவோம்" என்றார்.

அடுத்த மாதம் அவர் கடைக்கு வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை. பஸ் நிறுத்தத்துக்கு எதிரே புதிதாக ஒரு பெரிய மருந்துக்கடை திறந்திருந்தார்கள். கண்ணாடிக் கதவு, குளுகுளு ஏசி, எதை வாங்கினாலும் தள்ளுபடி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பார்த்தீங்களா? ரெண்டு வருஷமா நம்ம கடையில வாங்கின மனுஷன். நாலு காசு தள்ளுபடின்னதும் அங்க ஓடிட்டார்" என்று வீட்டில் பொரிந்து தள்ளினேன்.

வீட்டுக்காரர் தரையை அழுத்தினார். "உனக்கு எப்படித் தெரியும்?"

"வேற எங்க போவார்? மாத்திரை இல்லாம இருக்க முடியுமா அவரால?"

இந்த வாக்கியத்தை நானே, என் வாயாலேயே சொன்னேன். சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன்.

ஆனால் அவர் கடைக்கு வராத முதல் மாதமே இந்தப் பக்கம் எனக்கு ஒரு சந்தோஷம் வந்திருந்தது. காணிக்கை எண்ணும் அறையில் நானும் செயலாளரும் உட்கார்ந்திருந்தோம். அவர் தபால் இலாகாவில் பெரிய வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். உறையைக் கத்தியால் கீறித் திறப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. அறுபத்தொன்றைக் கீறியவர் புருவத்தைத் தூக்கினார்.

"அட! குழாய்க்காரர் கண்ணைத் திறந்துட்டார்மா. எண்ணூத்தி நாப்பத்தேழு."

"அது என்ன சார் கூடவே ஒரு ஏழு?"

"சம்பாத்தியத்துல பத்துல ஒண்ணு கடவுளுக்குன்னு வேதத்துல இருக்குல்ல, அதைச் சரியாக் கணக்குப் போட்டிருப்பார் போல. பைசா சுத்தமான மனுஷன்."

"பட்டியல் வேலை செய்யுது சார்" என்றேன். கட்டத்தில் தொகையை எழுதும்போது பேனாவைக் கொஞ்சம் அழுத்தியே எழுதினேன். அடுத்த மாதமும் எண்ணூற்று நாற்பத்தேழு. அதற்கடுத்த மாதமும் அதே. எண்ணும் அறையில் அது ஒரு வேடிக்கையாகவே ஆகிவிட்டது. உறையைத் திறக்கும் முன்பே செயலாளர் "ஏழு இருக்குதான்னு பாருங்க" என்பார். இருக்கும்.

ஐந்தாவது மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அவர் விழுந்தார்.

காணிக்கைப் பாட்டு நடந்துகொண்டிருந்தது. பை வரிசை வரிசையாக நகர்ந்து அவரிடம் வந்தது. நான் எதிர்ப்பக்கத்துப் பெஞ்சில் இருந்ததால் முழுவதையும் பார்த்தேன். வலது கையால் சட்டைப் பையிலிருந்து உறையை எடுக்கப் பார்த்தார். கை எழும்பவில்லை. அது ஏன் வரவில்லை என்று அதையே குனிந்து பார்த்தார். பிறகு இடது கையை வளைத்து உறையை எடுத்துப் பையில் போட்டார். போட்டுவிட்டு, பக்கத்தில் நின்ற மனைவியிடம் ஏதோ சொல்லத் திரும்பினார். வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. அப்படியே சரிந்து பெஞ்சுகளுக்கு நடுவே விழுந்தார்.

பாட்டு நிற்கவில்லை. பின்வரிசைகளுக்கு என்ன நடந்தது என்றே தெரியாது, ஒரு முழுச் சரணம் பாடி முடித்தார்கள். பை பிடித்தவர் அடுத்த வரிசைக்கு நகர்வதா நிற்பதா என்று தெரியாமல் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். குழாய்க்காரரின் மனைவிதான் அலறினாள். நான்கு பேர் தூக்கினார்கள், என் வீட்டுக்காரர் வண்டியை வாசலுக்கே கொண்டுவந்து ஏற்றிக்கொண்டு போனார்.

நான் கூடப் போகவில்லை. காணிக்கைப் பையைப் பொருளாளர் கண்ணைவிட்டு அகல விடக் கூடாது என்பது எங்கள் விதி. ஆகவே செயலாளரோடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி எண்ணினேன். அறுபத்தொன்றாம் எண் உறையையும் திறந்தோம். எண்ணூற்று நாற்பத்தேழு. இந்த முறை ஏழு இருக்கிறதா என்று செயலாளர் கேட்கவில்லை. ஒருவர் அங்கே சாகக் கிடக்க, அவர் உறையைப் பிரித்து எண்ணிக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

மூளைக்குப் போகும் குழாயில் ரத்தம் கட்டி அடைத்துவிட்டது என்றார் டாக்டர். சின்னப் பெண், கண்ணைத் தேய்த்துக்கொண்டே பேசினாள். "என்னென்ன மாத்திரை சாப்பிடறார்? விடாம சாப்பிடறாரா?"

குழாய்க்காரரின் மனைவி தரையைப் பார்த்தாள். அவரை அண்ணே என்று கூப்பிடுவதால் எனக்கு அவள் அண்ணி. அவளுக்கு மருந்தின் பெயரெல்லாம் எப்படித் தெரியும் என்று நான் முந்திக்கொண்டேன்.

"என் கடையிலதான் வாங்கிட்டிருந்தார் டாக்டர். கம்ப்யூட்டர்ல எல்லாம் இருக்கு. பத்து நிமிஷம் குடுங்க."

ஞாயிற்றுக்கிழமை, கடை பூட்டியிருந்தது. ஷட்டரைப் பாதி தூக்கிக் குனிந்து உள்ளே போய்க் கம்ப்யூட்டரைப் போட்டேன். அவர் பெயரைத் தட்டினேன். கடைசிப் பில் வந்தது. தேதியைப் பார்த்தேன். நான் அவரிடம் உறையைப் பற்றிக் கேட்ட அந்த நாள். மாத்திரைப் பெயர்களை எழுதிக்கொள்ளப் பேனாவை எடுத்தேன். அப்போதுதான் பில்லின் அடியில் கண் போனது.

மொத்தம்: 847.

முந்தின மாதத்துப் பில்லைத் திறந்தேன். 847. அதற்கு முந்தினது. 847. இரண்டு வருடமாக மாதாமாதம் இந்தத் தொகையை அவரிடமிருந்து வாங்கிக் கல்லாவில் போட்டவள் நான். ஐந்து மாதமாக அதே தொகையை உறையிலிருந்து எடுத்து எண்ணியவளும் நான். ஒரே கைதான் இரண்டையும் தொட்டது. இங்கே வராத பணம்தான் அங்கே வந்தது என்று இந்த மண்டைக்கு எட்டவில்லை. ஏழு என்று சிரித்தேனே! அந்த ஏழு என் கடைப் பில்லின் ஏழு.

ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். இன்னொன்றும் உறைத்தது. அவர் மாத்திரைக்குக் கொடுத்த பணத்தில் எனக்கு லாபம் உண்டு. அந்த லாபத்தில் பத்தில் ஒன்றைத்தான் பதினெட்டாம் எண் உறையில் வைத்துப் பட்டியலில் முதலாவதாக நின்றேன். எனக்கு வாந்தி வரும் போலிருந்தது. கடையில் அதற்கும் மாத்திரை இருக்கிறது. எடுக்கக் கை போகவில்லை.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பி டாக்டரிடம் உண்மையைச் சொன்னேன். பிறகு வராந்தாவில் அண்ணியைப் பிடித்தேன். பயத்தில் எனக்குக் கோபம்தான் வரும், என் சுபாவம் அப்படி.

"அஞ்சு மாசமா அவர் மாத்திரை சாப்பிடலையா? ஏன் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "உங்ககிட்டயா கடைக்காரம்மா?"

அவளே தொடர்ந்தாள். குரலில் கோபம்கூட இல்லை, அதுதான் தாங்கவில்லை.

"அவர் ஒரு வாரம்கூட வெறுங்கையா கோயிலுக்கு வந்ததில்ல. உடம்பு கெட்டதுக்கப்புறம் உறையில வெச்சுக் குடுக்கற அளவுக்குக் கையில நிக்கல. அஞ்சோ பத்தோ, இருக்கறதை அப்படியே பையில போட்டுடுவார். அது உங்க பட்டியல்ல வராதுன்னு அவருக்கு எப்படித் தெரியும்? ஒரு வீட்டுல குழாய் மாட்டப் போனா, 'வாங்க அறுபத்தொண்ணு'ன்னு கூப்பிட்டிருக்காங்க. அன்னிக்கு வந்து சாப்பிடல. அதுக்கு மறுநாள்தான் மாத்திரை வாங்க உங்க கடைக்கு வந்தார்."

"இனிமே மாத்திரைக்கு ஒரு காசு குடுக்க வேணாம் அண்ணி. நான் தர்றேன். அவர் இருக்கற வரைக்கும் தர்றேன்."

"வாங்க மாட்டார். பில்லையும் அட்டையையும் பக்கத்துல வெச்சு எண்ணிப் பார்க்கற மனுஷன். சும்மா வந்ததுன்னு தெரிஞ்சா தூக்கி எறிஞ்சிடுவார். மறைச்சுக் குடுக்கவும் என்னால ஆகாது. மாத்திரை நிறுத்தினதை யார்கிட்டயும் சொல்லாதன்னு சத்தியம் வாங்கினார், மறைச்சேன். மறைச்சதுக்குத்தான் அங்க படுத்திருக்கார்."

பத்தாம் நாள் அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சு குழறியது. ஐந்து நாளுக்கு மட்டும் மாத்திரை கொடுத்தாள் அந்த டாக்டர். "இனி ஒரு வேளைகூட விடக் கூடாது. இன்னொரு தடவை வந்தா ஆள் மிஞ்ச மாட்டார்" என்று எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துச் சொன்னாள். இஸ்திரிக் கூலி வாடகைக்கும் வயிற்றுக்கும்தான் காணும். ஐந்து நாளுக்குள் மாத்திரைக்கு வழி பண்ண வேண்டும். அவர் கை நீட்டி வாங்கக்கூடிய பணம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அது அவருடைய சொந்தப் பணம். அது சபைக் கணக்கில் இருந்தது. எண்ணூற்று நாற்பத்தேழு, ஐந்து தடவை. மொத்தம் நாலாயிரத்து இருநூற்று முப்பத்தைந்து.

மறுநாளே கமிட்டியைக் கூட்டினேன். எல்லாவற்றையும் சொல்லி, பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றேன். செயலாளர் முகத்தில் ஈயாடவில்லை.

"காணிக்கையைத் திருப்பிக் குடுக்கறதா? ஜெபம் பண்ணி ஏறெடுத்தாச்சும்மா. அது கடவுளோடது. அதுல கை வைக்க நாம யாரு?"

"கை வெச்சுத்தானே சார் கூரை போட்டோம்?"

"அது வேற. இன்னிக்கு ஒருத்தருக்குத் திருப்பிக் குடுத்தா நாளைக்கு ஒவ்வொருத்தரா வந்து நிப்பாங்க. அவருக்கு உதவிதானே வேணும்? உதவி நிதி இருக்கு. படிவம் எழுதிக் குடுக்கட்டும். ரெண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போடட்டும். ரெண்டு ஞாயிறு அறிவிப்புல வாசிச்சதும் குடுத்துடலாம். அதான் விதி."

அந்த விதியையும் நான்தான் கொண்டுவந்தேன். தகுதியில்லாதவர்கள் வாங்கிவிடக் கூடாது என்று.

"ரெண்டு ஞாயிறுக்குள்ள மாத்திரை தீர்ந்து ஆள் போயிடுவார் சார். அது மட்டுமில்ல, உதவின்னு சொன்னா அவர் தொடவே மாட்டார். அவர் பணத்தை அவருக்குக் குடுங்க."

"விதியில இடமில்ல" என்று கையைக் கட்டிக்கொண்டார். மற்ற மூன்று பேரும் மேஜையைப் பார்த்தார்கள்.

அப்போது நான் சொன்ன வார்த்தையை எந்த மருந்துக்கடைக்காரியும் சொல்லக் கூடாது. சொன்னேன்.

"சரி சார். நான் வேற பட்டியல் ஒட்டறேன். அதே பலகை, அதே நம்பர். ஒவ்வொரு நம்பருக்கும் எதிர்ல அந்த வீட்டுல யார் என்ன மாத்திரை சாப்பிடறாங்கன்னு எழுதிடறேன். எல்லாமே என் கம்ப்யூட்டர்ல இருக்கு. பேரைப் போட மாட்டேன். நம்பர்தானே?"

கமிட்டியில் ஒருவர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். செயலாளரின் எண் பன்னிரண்டு. அவர் என்னிடம் எதை வாங்குகிறார் என்பது எனக்கும் அவருக்கும் மட்டும் தெரியும். அவர் கழுத்திலிருந்து காது வரை சிவந்தது.

"நீங்க மனுஷிதானா?" என்றார்.

"அதைத்தான் சார் பத்து நாளா நானே கேட்டுட்டிருக்கேன்."

போதகர் எழுந்து வந்து என் முன்னால் இருந்த காசோலைப் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அஞ்சு மாசமா என் சம்பளம் இதிலருந்துதானே வந்துச்சு? அவர் மாத்திரையை நான் சாப்பிட்டிருக்கேன்" என்றார். கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவைச் செயலாளரிடம் நீட்டினார். செயலாளர் என்னைப் பார்க்காமலே இரண்டாவது கையெழுத்தைப் போட்டார்.

வெளியே வந்ததும் பட்டியலைக் கிழித்தேன். இன்று வரை செயலாளர் மருந்து வாங்கப் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருக்கும் அந்தக் கடைக்குத்தான் போகிறார். அவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

காசோலையை மாற்றிப் பணத்தோடு அவர்கள் வீட்டுக்குப் போகும்போது ஐந்தில் நான்கு நாள் முடிந்திருந்தது. சலவைக்கடைக்கு மேலே ஒற்றை அறை. கீழேயிருந்து இஸ்திரி ஆவி ஏறி வந்து ஜன்னல் கண்ணாடியெல்லாம் வியர்த்திருந்தது. சுவரோரம் ஸ்பேனர் பை, அதன் மேல் மடித்து வைத்த சாக்கு. குழாய்க்காரர் கட்டிலில் தலையணையில் சாய்ந்திருந்தார். வலது கை மடியில் யாரோ வைத்துவிட்டுப் போன பொருளாகக் கிடந்தது. என்னைப் பார்த்ததும் சட்டைப் பித்தானை இடது கையால் போட முயன்றார்.

"இருக்கட்டும்ணே" என்று பணத்தைக் கட்டில் மேல் வைத்தேன். எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன், ஒன்றும் ஞாபகம் வரவில்லை. "இது உங்க பணம்ணே. நீங்க உறையில வெச்சது. உங்ககிட்ட வாங்கியிருக்கவே கூடாது. தப்பு எங்களோடது. சபை திருப்பிக் குடுத்திருக்கு. பாஸ்டரும் செயலாளரும் கையெழுத்துப் போட்டிருக்காங்க."

அவர் நோட்டுகளைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். தூக்கி எறிந்துவிடுவாரோ என்று பயந்தேன். எறியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது. இடது கையை நோட்டுகளின் மேல் வைத்து ஏதோ குழறினார். எனக்குப் புரியவில்லை.

"என்னண்ணி சொல்றார்?"

"கடவுள் பார்த்துக் குடுத்திருக்கார்ங்கறார்" என்றாள் அண்ணி.

அப்பாடா என்றிருந்தது. பதினான்கு நாளுக்குப் பிறகு அப்போதுதான் முழுசாக மூச்சு விட்டேன். ஐந்து மாத மாத்திரை. அதற்குள் கை கொஞ்சம் வரும், ஏதாவது வழி பிறக்கும் என்று மனம் கணக்குப் போட ஆரம்பித்தது.

அவர் மறுபடியும் ஏதோ சொன்னார். இந்த முறை எனக்கே புரிந்தது.

"பத்துல... ஒண்ணு."

அண்ணி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து நோட்டுகளை எண்ணத் தொடங்கினாள். நானூற்று இருபத்துமூன்றரை வந்தது. அரையை விடாமல் நானூற்று இருபத்துநான்காக எடுத்துத் தனியே வைத்து என் பக்கம் தள்ளினாள்.

"என்னண்ணி பண்றீங்க? அது பதினஞ்சு நாள் மாத்திரை! பதினஞ்சு நாள்!"

"வந்த பணமில்லையா? வந்ததுல எடுத்து வைக்கணும்ங்கறார்."

"வந்த பணமில்லண்ணே, இது உங்ககிட்டருந்து போன பணம்! நான் தொட மாட்டேன்" என்று எழுந்துவிட்டேன்.

அவர் தலையை ஆட்டினார். இடது கையால் அந்த நோட்டுகளைப் பிடித்து என்னை நோக்கி நீட்டினார். நான் பின்னால் நகர்ந்தேன். அவர் தலையணையிலிருந்து எழும்பப் பார்த்தார். உடம்பு ஒரு பக்கமாகச் சரிந்தது. கழுத்து நரம்பு புடைத்தது, முகம் கருஞ்சிவப்பாக மாறியது, மூச்சு இரைந்தது. அண்ணி ஓடிப்போய் அவர் நெஞ்சைத் தாங்கினாள்.

"வாங்கிக்கங்க கடைக்காரம்மா!" என்று கத்தினாள். "அவருக்கு அழுத்தம் ஏறுது. வாங்கிக்கங்க, உங்களைக் கும்பிடறேன்!"

வாங்கிக்கொண்டேன்.

அவர் சாய்ந்தார். ஆனால் கண் என்னைவிட்டு நகரவில்லை. இடது கை விரல்கள் காற்றில் எழுதுவது போல அசைந்தன. ரசீது கேட்கிறார் என்று புரிந்தது. சபையின் ரசீதுப் புத்தகம் எப்போதும் என் கைப்பையில்தான் இருக்கும். எடுத்து எழுதினேன். எண் அறுபத்தொன்று. தொகை நானூற்று இருபத்துநான்கு. பொருளாளர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன். பேனா இரண்டு இடத்தில் காகிதத்தைக் கிழித்துவிட்டது.

ரசீதை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துத் தொகையைப் படித்தார். முகம் மெல்லத் தெளிந்தது. இழுத்துக்கொண்ட வாயால் என்னிடம் கேட்டார். கிண்டலாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். நிஜமாகவே கேட்டார், பள்ளிக்கூடத்துப் பிள்ளை டீச்சரைக் கேட்பது போல.

"இப்ப... பாக்கி... இல்லையே தங்கச்சி?"

"இல்லண்ணே. உங்களுக்கு ஒரு பாக்கியும் இல்ல."

கண்ணை மூடிக்கொண்டார். அண்ணி போர்வையை இழுத்துவிட்டாள். நான் அவருடைய பதினைந்து நாளைக் கைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டு படி இறங்கினேன்.